ஜெர்மனி ஆப்பர்சூனிட்டி கார்டு கெடச்சா வேலை கெடச்ச மாதிரியா? விசா வழிகள கொஞ்சம் பிரிச்சு பாக்கலாம்

போன ரெண்டு மூணு வருஷத்துல வெளிநாடு போற கணக்கே மாறிப்போச்சு. கனடா 2025க்கு 5 லட்சம் பேருக்கு பிஆர், அதாவது நிரந்தரமா தங்கற உரிமைன்னு சொல்லி வச்சிருந்தத 3,95,000ஆ கொறச்சிடுச்சு, 2025 மார்ச்ல இருந்து எக்ஸ்பிரஸ் என்ட்ரிங்கற பாயின்ட் முறைல ஜாப் ஆஃபருக்கு குடுத்துட்டு இருந்த பாயின்டயும் எடுத்துட்டாங்க. யூகேல ஸ்கில்டு வொர்க்கர் விசாவோட பொது சம்பள வரம்பு 2024 ஏப்ரல்ல 38,700 பவுண்டு, 2025 ஜூலைல 41,700 பவுண்டு, கேர் வொர்க்கர்ஸ வெளிநாட்டுல இருந்து புதுசா எடுக்கறதயும் அதே ஜூலைல நிறுத்திட்டாங்க. அமெரிக்கா 2025 செப்டம்பர்ல புது ஹெச்1பிக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணும்னு சொல்லிடுச்சு. இந்த நேரம் பாத்து ஜெர்மனி மட்டும் ஆள் வேணும் ஆள் வேணும்னு சொல்லிட்டு இருக்கறதால நம்ம ஊர் கன்சல்டன்சி போர்டெல்லாம் கனடா கொடிய கழட்டிட்டு ஜெர்மனி கொடிய மாட்டிக்கிச்சு.

கொடி மாறுச்சு, ஆனா விக்கற பேச்சு மாறல, அங்கதான் சிக்கலே. "பாயின்ட் பாத்து சொல்றோம் சார், 6 பாயின்ட் இருந்தா போதும், ஜெர்மனி பிஆர்"னு ரீல்ஸ் போடறாங்க. கனடாவுலயும் ஆஸ்திரேலியாவுலயும் பாயின்ட் சேத்தா இங்க உக்காந்த எடத்துலயே பிஆர் வரும், அது உண்மை. ஜெர்மனில வெளிய இருந்து வர்ற வேலைக்காரங்களுக்கு நேரா பிஆர் குடுக்கற வழி பொதுவா கெடயாது. மொதல்ல தற்காலிக பெர்மிட், வேலை, வரி, பென்ஷன் பிடிப்பு, பாஷை, இதெல்லாம் ஆனப்பறம்தான் பிஆர். அந்த 6 பாயின்ட் கணக்கு இருக்கறது ஆப்பர்சூனிட்டி கார்டுங்கற ஒரே ஒரு கார்டுக்கு, அந்த கார்டு குடுக்கறது ஒரு வருஷம் அங்க போய் வேலை தேடிக்கறதுக்கு பெர்மிஷன், அவ்ளோதான்.

எதுக்கு ஜெர்மனிக்கு இவ்ளோ ஆள் வேணும்னு ஒரு நிமிஷம் பாத்துடலாம். ரெண்டாம் உலகப்போருக்கு அப்பறம் 1950, 60கள்ல பொறந்த பெரிய கூட்டம் இப்ப ரிட்டயர் ஆகிட்டு இருக்கு, பின்னாடி வர்ற தலைமுறை ரொம்ப சின்னது. வேலை செய்யற ஆள் எண்ணிக்கை கொறயாம இருக்கணும்னா வருஷத்துக்கு நிகரமா 4 லட்சம் பேர் வெளிய இருந்து வரணும்னு அந்த நாட்டோட வேலைவாய்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் ஐஏபி ரொம்ப நாளா கணக்கு சொல்லிட்டு வருது. அதுக்காகத்தான் 2020 மார்ச்ல ஸ்கில்டு இமிக்ரேஷன் சட்டம் கொண்டு வந்தாங்க, 2023ல அத இன்னும் தளர்த்தி, 2023 நவம்பர், 2024 மார்ச், 2024 ஜூன்னு மூணு தவணையா அமலுக்கு விட்டாங்க. இந்தியாவோட 2022 டிசம்பர்ல இடப்பெயர்வு ஒப்பந்தம் போட்டாங்க, 2024 அக்டோபர்ல அப்ப சான்சலரா இருந்த ஓலாஃப் ஷோல்ஸ் டெல்லி வந்தப்ப ஸ்கில்டு இந்தியர்களுக்கான விசா வருஷத்துக்கு 20,000ல இருந்து 90,000 ஆகுதுன்னு அறிவிப்பு வந்துச்சு. இந்த 90,000த்த நம்ம ஆளுங்க எல்லாரும் 90,000 வேலை காத்துட்டு இருக்குன்னு படிச்சிட்டாங்க. அது நம்மகிட்ட இருந்து இவ்ளோ பேர வரவேத்து விசா குடுக்க தயார்ங்கற அளவு, வேலைய அரசாங்கம் குடுக்காது, கம்பெனிதான் குடுக்கணும்.

கம்பெனி நெலம எப்படி? ஜெர்மன் பொருளாதாரம் 2023, 2024 ரெண்டு வருஷமும் சுருங்குச்சு. 2025 ஆகஸ்ட்ல வேலையில்லாதவங்க எண்ணிக்கை 30 லட்சத்த தாண்டுச்சு, பத்து வருஷத்துல அதுதான் மொத தடவ. ஃபோக்ஸ்வாகன் 2030க்குள்ள 35,000க்கு மேல வேலைய கொறைக்கறதா 2024 டிசம்பர்ல யூனியனோட ஒத்துக்கிச்சு, பாஷ் 2025 செப்டம்பர்ல இன்னும் 13,000 பேர்ன்னு சொல்லுச்சு. ஒரகடம், ஓசூர், கோயம்புத்தூர்னு ஆட்டோமொபைல் லைன்ல இருக்கற நம்ம பசங்க இத கவனிக்கணும், ஏன்னா "ஜெர்மனி = கார் = மெக்கானிக்கல் இன்ஜினியருக்கு சொர்க்கம்"ங்கற கணக்கு பழசு. அதே நேரம் நர்ஸ், எலக்ட்ரீஷியன், பஸ் டிரைவர், கட்டட வேலை, ஹீட்டிங் சிஸ்டம் மெக்கானிக், முதியோர் பராமரிப்பு, இதுக்கெல்லாம் ஆளே கெடைக்கல. ஆள் பஞ்சமும் வேலையில்லா திண்டாட்டமும் ஒரே நாட்டுல ஒரே நேரத்துல இருக்கும், எந்த துறைங்கறதுதான் விஷயம்.

சரி, வழிகளுக்கு வருவோம். நான் கொஞ்சம் தலைகீழா சொல்றேன், எல்லாரும் மொதல்ல சொல்ற ஆப்பர்சூனிட்டி கார்ட பின்னாடி தள்ளி வைக்கறேன், காரணம் போகப்போக புரியும்.

எந்த வழியா இருந்தாலும் ஆரம்பம் ஒண்ணுதான்: உங்க டிகிரிய ஜெர்மனி எப்படி பாக்குது. இதுக்கு அனாபின்னு ஒரு டேட்டாபேஸ் இருக்கு, இலவசம், யார் வேணா பாக்கலாம், ஜெர்மன் பாஷைல இருக்கும், பிரவுசர் டிரான்ஸ்லேட் போட்டா சமாளிக்கலாம். ரெண்டு விஷயம் பாக்கணும், யூனிவர்சிட்டிக்கு ஹெச் ப்ளஸ்னு (அங்கீகாரம் இருக்குங்கற குறி) இருக்கா, உங்க டிகிரி ஜெர்மன் டிகிரிக்கு சமம்னு இருக்கா. இதுல நம்மூர்க்காரங்க பாதி பேர் காலேஜ் பேர போட்டு தேடிட்டு வரலயேன்னு பயந்துடறாங்க. அண்ணா யூனிவர்சிட்டிக்கு கீழ இருக்கற அஃபிலியேட்டட் காலேஜ்ல படிச்சிருந்தா டிகிரி குடுத்தது அண்ணா யூனிவர்சிட்டி, காலேஜ் ஆட்டானமஸா இருந்தாலும் சர்டிஃபிகேட்ல யார் பேர் இருக்குன்னு பாத்து அத தேடுங்க. டீம்டு யூனிவர்சிட்டின்னா அதோட பேர்லயே தனியா இருக்கும். ரெண்டுமே சரியா இருந்தா அந்த பக்கத்த பிரின்ட் எடுத்து வச்சுக்கலாம், விசாவுக்கு அதுவே போதும். டிகிரி லிஸ்ட்ல இல்லன்னா இசட்ஏபிங்கற அரசு அமைப்புகிட்ட 208 யூரோ கட்டி ஒப்பீட்டு சர்டிஃபிகேட் வாங்கணும். அரியர் எத்தனை வச்சிருந்தீங்க, எத்தனை பர்சன்டேஜ்னு வேலை விசாவுக்கு யாரும் கேக்கறதில்ல, அது யூனிவர்சிட்டி அட்மிஷனுக்குத்தான். நர்ஸ், டாக்டர், பார்மசிஸ்ட் மாதிரி லைசன்ஸ் வேண்டிய தொழில்களுக்கு மட்டும் இது பத்தாது, முழு அங்கீகாரம் வாங்கணும், அத பின்னாடி பாக்கலாம்.

டிகிரி சரி, கையில ஆஃபரும் இருக்குன்னா ராஜ பாட்டை ப்ளூ கார்டுதான், அதாவது நல்ல சம்பள ஆஃபரோட போறவங்களுக்கான வேலை பெர்மிட். 2025 கணக்குல வருஷ சம்பளம் 48,300 யூரோ இருக்கணும். ஐடி, இன்ஜினியரிங், டாக்டர் மாதிரி ஆள் பஞ்சம் இருக்கற துறைன்னா, இல்ல டிகிரி முடிச்சு மூணு வருஷத்துக்குள்ளன்னா, 43,759.80 யூரோ போதும். இந்த வரம்பு வருஷா வருஷம் ஜனவரில ஏறும், அதனால யூட்யூப்ல ரெண்டு வருஷம் முன்னாடி போட்ட வீடியோவ பாத்து சம்பளம் பேசாதீங்க. டிகிரியே இல்லாத ஐடிக்காரங்களுக்கும் 2023 நவம்பர்ல இருந்து ப்ளூ கார்டு உண்டு, கடைசி ஏழு வருஷத்துல மூணு வருஷ அனுபவம் இருந்து அது டிகிரி லெவல் வேலையா இருந்தா போதும். இந்த சம்பளத்த அப்படியே ரூபாயா மாத்தி சந்தோஷப்படறதுக்கு முன்னாடி ஒண்ணு, 48,300ன்னா மாசம் 4,025, தனியாளா இருந்தா வரி, பென்ஷன், ஹெல்த் இன்சூரன்ஸ் எல்லாம் போக கைக்கு வர்றது சுமாரா 2,600 யூரோ. மியூனிக்ல ஒரு ரூம் வீட்டுக்கே அதுல பெரிய பங்கு போயிடும், லைப்சிக், கெம்னிட்ஸ் மாதிரி கிழக்கு ஊர்னா மூச்சு விடலாம்.

ப்ளூ கார்டு சம்பளம் வரலன்னாலும் சாதா ஸ்கில்டு வொர்க்கர் விசா இருக்கு, இத ஏனோ யாரும் பேசறதே இல்ல. அங்கீகாரம் பெற்ற டிகிரி, ஒரு ஸ்கில்டு வேலைக்கு ஆஃபர், அந்த வேலைக்கு அங்க வழக்கமா குடுக்கற சம்பளம், இவ்ளோதான். 45 வயசுக்கு மேல மொத தடவ போறவங்களுக்கு மட்டும் தனி சம்பள வரம்பு, இல்லன்னா போதுமான பென்ஷன் ஏற்பாடு காட்டணும். 2023 நவம்பர்ல இருந்து ஒரு நல்ல மாத்தம் வந்திருக்கு, படிச்ச துறையிலேயே வேலை இருக்கணும்ங்கற கட்டாயம் போயிடுச்சு. மெக்கானிக்கல் முடிச்சுட்டு ஓஎம்ஆர்ல டெஸ்டிங் பாத்துட்டு இருக்கற கூட்டம் நம்மூர்ல எவ்ளோன்னு சொல்லவே வேணாம், அவங்களுக்கு முன்னாடி இது பெரிய தலைவலி, இப்ப இல்ல.

மூணாவது ஒரு வழி 2024 மார்ச்ல தொறந்தது, அனுபவத்த வச்சு போறது. டிகிரியோ டிப்ளமோவோ ஜெர்மனிக்கு சமமா இல்லன்னாலும் பரவாயில்ல, நம்ம நாட்டு அரசு அங்கீகாரம் இருக்கற, கொறஞ்சது ரெண்டு வருஷ படிப்பா இருக்கணும், கடைசி அஞ்சு வருஷத்துல ரெண்டு வருஷ அனுபவம், சம்பளம் 2025 கணக்குல 43,470 யூரோ. ஐடின்னா அந்த படிப்பும் வேணாம். பாலிடெக்னிக் முடிச்சு நல்ல அனுபவத்தோட இருக்கறவங்களுக்கு சட்டப்படி இது நல்ல வழிதான், ஆனா டிப்ளமோக்காரருக்கு அந்த சம்பளம் குடுத்து நேரா இந்தியாவுல இருந்து எடுக்கற ஒர்க்‌ஷாப் அமையறதுதான் கஷ்டம், பாஷை இல்லாம அமையவே அமையாதுன்னு சொல்லலாம்.

இந்த மூணுக்கும் ஆஃபர் கையில இருக்கணும். "இங்க இருந்தே எப்படி சார் ஆஃபர் வாங்கறது, அதுக்குத்தானே ஆப்பர்சூனிட்டி கார்டு"ன்னு கேப்பீங்க. பெரிய கம்பெனிங்க, ஸ்டார்ட்அப், ஆங்கிலத்துல ஓடற ஐடி டீம் எல்லாம் வீடியோ கால்லயே இன்டர்வியூ எடுத்து ஆஃபர் குடுக்கறாங்க, நீங்க பெர்லின்ல இருக்கீங்களா பெருங்களத்தூர்ல இருக்கீங்களாங்கறது அவங்களுக்கு பெரிய விஷயமில்ல. அங்கயே போயிட்டா ஈசியா கெடைக்கும்னு நெனைக்கற வேலைங்க பெரும்பாலும் சின்ன, நடுத்தர கம்பெனில, அவங்க எதிர்பாக்கறது ஜெர்மன். ஜெர்மன் இல்லாம அங்க போய் நின்னாலும் அந்த வேலை வராது, ஜெர்மன் பி2 (பாஷை லெவல் ஏ1ல ஆரம்பிச்சு ஏ2, பி1, பி2, சி1னு ஏறும்) இருந்தா இங்க இருந்தே வர்றதுக்கு வாய்ப்பு இருக்கு. அதாவது ஃப்ளைட் ஏறறதால மாறப்போறது ரொம்ப கம்மி. கம்பெனிக்கு அவசரம்னா ஃபாஸ்ட் ட்ராக்னு ஒண்ணு இருக்கு, கம்பெனி அந்த ஊர் வெளிநாட்டினர் ஆபீஸ்ல 411 யூரோ கட்டி ஆரம்பிச்சா, அங்க சம்மதம் வந்தப்பறம் உங்களுக்கு மூணு வாரத்துக்குள்ள விசா அப்பாயின்ட்மென்ட், அடுத்த மூணு வாரத்துல முடிவு. இன்டர்வியூல "விசாவுக்கு ரொம்ப நாள் ஆகுமே"ன்னு ஹெச்ஆர் இழுத்தா இத நீங்களே எடுத்து சொல்லுங்க, சின்ன கம்பெனி ஹெச்ஆர் நெறய பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது.

இப்ப அந்த ஆப்பர்சூனிட்டி கார்டு. 2024 ஜூன் 1ல இருந்து இருக்கு. இதுக்குள்ளயே ரெண்டு பாதை இருக்கறத ஏஜென்ட் சொல்லவே மாட்டாங்க. உங்க டிகிரி அனாபின்ல முழுசா சமம்னு இருந்து, தொழில் லைசன்ஸ் வேண்டாத தொழிலா இருந்தா, நீங்க சட்டப்படி ஸ்கில்டு வொர்க்கர், உங்களுக்கு பாயின்ட் கணக்கே கெடயாது, பாஷை சர்டிஃபிகேட்டும் கட்டாயமில்ல, ஒரு வருஷ செலவுக்கு காசு இருக்குன்னு காட்டினா போதும். அண்ணா யூனிவர்சிட்டி பிஇ முடிச்ச பையன உக்கார வச்சு "உங்களுக்கு அஞ்சு பாயின்ட்தான் வருது, எங்க கோர்ஸ்ல சேந்தா ஆறாக்கிடலாம்"னு பணம் வாங்கறது அப்பட்டமான ஏமாத்து வேலை, இல்லன்னா அவங்களுக்கே சட்டம் தெரியல.

பாயின்ட் பாதை டிகிரி முழுசா சமமில்லாதவங்களுக்கும், டிப்ளமோ, ரெண்டு வருஷ ஐடிஐ ட்ரேட் மாதிரி படிச்சவங்களுக்கும். உள்ள வர ஜெர்மன் ஏ1 இல்லன்னா ஆங்கிலம் பி2 வேணும், அதுக்கப்பறம் 6 பாயின்ட். ஜெர்மனில பாதி அங்கீகாரம் கெடச்சிருந்தா 4. கடைசி ஏழு வருஷத்துல அஞ்சு வருஷம் அனுபவம்னா 3, அஞ்சு வருஷத்துல ரெண்டு வருஷம்னா 2, அதுவும் படிச்சு முடிச்சதுக்கு அப்பறம் படிப்புக்கு சம்பந்தமான வேலையா இருக்கணும். ஜெர்மன் ஏ2க்கு 1, பி1க்கு 2, பி2ன்னா 3. ஆங்கிலம் சி1க்கு 1. வயசு 35க்குள்ள 2, 40 வரைக்கும் 1, அதுக்கு மேல ஒண்ணுமில்ல. பஞ்சத்துறைக்கு 1, முன்னாடி ஜெர்மனில ஆறு மாசம் இருந்திருந்தா 1, கணவன் மனைவி ரெண்டு பேரும் சேந்து அப்ளை பண்ணி மத்தவருக்கும் தகுதி இருந்தா ஒருத்தருக்கு 1. உதாரணத்துக்கு 27 வயசு எலக்ட்ரிக்கல் டிப்ளமோ, மூணு வருஷ அனுபவம்னு வச்சுக்கங்க, வயசுக்கு 2 அனுபவத்துக்கு 2, மொத்தம் 4, மீதி ரெண்டுக்கு பி1 முடிச்சா போதும், இல்ல ஏ2வும் பஞ்சத்துறையும் சேந்தா போதும். கணக்கு அவ்ளோ ஒண்ணும் பெருசில்ல, ஜெர்மன் அரசோட மேக் இட் இன் ஜெர்மனி தளத்துலயே கேள்விக்கு பதில் சொல்லி இலவசமா பாத்துக்கலாம்.

பெருசு காசுதான். 2025 கணக்குல மாசம் 1,091 யூரோ, பன்னெண்டு மாசத்துக்கு 13,092, யூரோ நூறு ரூபாய்ன்னு தோராயமா வச்சாலே 13 லட்சம். இத ப்ளாக்டு அக்கவுன்ட்ல போட்டுட்டு அங்க போய் மாசா மாசம் எடுத்துக்கணும். ஏஜென்ட்டுங்க இத "ஷோ மணி"ன்னு சொல்றாங்க, காட்டிட்டு திரும்ப எடுத்துக்கலாம்ங்கற மாதிரி. வேலை கெடைக்காத வரைக்கும் நீங்க சாப்பிடப்போறதே அந்த காசுதான், வட்டிக்கு வாங்கி போட்டா மாசம் மாசம் கரைஞ்சுட்டே போகும், இங்க வட்டி ஏறிட்டே வரும். அங்க பார்ட் டைம் வாரம் 20 மணி நேரம் பாக்கலாம், அதோட ஒரு கம்பெனில ரெண்டு வாரம் வரைக்கும் ட்ரயல் வேலையும் பாக்கலாம். 2025ல குறைஞ்சபட்ச கூலி மணிக்கு 12.82 யூரோ, 20 மணி நேரம் முழுசா கெடச்சா மாசம் 1,100 யூரோ வரும், உயிர் பொழைக்கலாம், ஆனா டெலிவரி பையோட வாரம் பூரா அலைஞ்சுட்டு ராத்திரி வந்து ஜெர்மன் படிச்சு இன்டர்வியூக்கு ரெடியாகறது எவ்ளோ நாள் முடியும்?

காலமும் இடிக்கும். ஒரு வருஷம் நீளமா தெரியும், ஆனா வீட்டு அட்ரஸ் ரிஜிஸ்டர் பண்ணாம வரி நம்பர் வராது, வீட்டுக்காரர் மூணு மாச சம்பள ஸ்லிப் கேப்பாரு, உங்ககிட்ட சம்பளமே இல்ல, அதனால ஷேரிங் ரூம் கெடைக்கவே மொத ரெண்டு மாசம் போயிடும். ஜெர்மன் கம்பெனி ஒரு ரவுண்டு இன்டர்வியூவுக்கும் அடுத்த ரவுண்டுக்கும் நடுவுல லீவுல போயிடுவாங்க, சொல்லப்போனா ஆகஸ்ட்லயும் கிறிஸ்துமஸ் சமயத்துலயும் யாருமே பதில் போடமாட்டாங்க. வருஷம் முடிஞ்சா சும்மா நீட்டிக்க முடியாது, ஸ்கில்டு வேலைக்கு கான்ட்ராக்ட் இருந்து, வேற பெர்மிட்டுக்கு தகுதி வரலன்னா மட்டும்தான் அடுத்த ரெண்டு வருஷம் வரைக்கும் தருவாங்க. இந்த கார்டு வந்தப்ப அரசாங்கம் வருஷத்துக்கு 30,000 பேர் வருவாங்கன்னு எதிர்பாத்துச்சு, வந்தது அதுல பாதிகூட இல்ல. என்னை கேட்டா இது யாருக்கு சரிப்படும்னா, ஜெர்மன் பி1, பி2 முடிச்சு, கைக்காசு இருந்து, கடனில்லாம, இங்க இருந்தே பத்து இருவது இன்டர்வியூ பாத்து கடைசி ரவுண்டு வரைக்கும் போய் "நீங்க இங்க இருந்தா எடுத்துப்போம்"னு கேட்டவங்களுக்கு. ஒரு இன்டர்வியூ காலும் வராத ப்ரொஃபைலுக்கு ஃப்ளைட் டிக்கெட் மருந்தில்ல.

நர்ஸுங்க கதை தனி, நம்ம ஊருக்கு நெசமா தொறந்திருக்கற வழி எதுன்னு கேட்டா நான் இததான் சொல்லுவேன். பிஎஸ்சி நர்சிங்கோ ஜிஎன்எம்மோ முடிச்சவங்க படிப்ப ஜெர்மனியோடத ஒப்பிட்டு என்ன கொறையுதுன்னு ஒரு கடிதம் தருவாங்க, அந்த கொறைய அங்க போய் அடாப்டேஷன் கோர்ஸ்லயோ ஒரு பரீட்சைலயோ சரிபண்ணனும், அதுவரைக்கும் அசிஸ்டன்ட்டா கொஞ்சம் கம்மி சம்பளத்துல வேலை, முடிஞ்சதும் முழு நர்ஸ். 2025 ஜூலை கணக்குல முழு நர்ஸுக்கு பராமரிப்பு துறைல சட்டப்படி குறைஞ்சபட்சமே மணிக்கு 20.50 யூரோ. பாஷை பி1ல கெளம்பி பி2 வரைக்கும் போகணும், இதுல குறுக்கு வழி கெடயாது, நோயாளி வலின்னு சொல்றது புரியலன்னா யார் லைசன்ஸ் குடுப்பா. இந்த துறைல ஆஸ்பத்திரியே செலவ ஏத்துக்கணும், நர்ஸ்கிட்ட வாங்கக்கூடாதுங்கறது பரவலா ஒத்துக்கிட்ட முறை. கேரளா 2021 டிசம்பர்ல நோர்காங்கற தன்னோட அரசு அமைப்பு மூலமா ஜெர்மன் வேலைவாய்ப்பு ஏஜென்சியோட டிரிபிள் வின் திட்டத்துக்கு கையெழுத்து போட்டு இலவசமா பாஷை சொல்லிக்குடுத்து அனுப்பிட்டு இருக்கு. நம்ம பக்கம் தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கு, 1978ல இருந்தே இருக்கு, ஏஜென்ட் வாசல்ல நிக்கறதுக்கு முன்னாடி அங்க ஒரு தடவ விசாரிங்க. நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போக அஞ்சு லட்சம் குடுத்தேன்னு சொல்றவங்கள பாத்தா வயிறு எரியுது.

பிளஸ் டூ முடிச்ச பசங்களுக்கு ஆஸ்பில்டுங்னு ஒரு தொழிற்பயிற்சி ஓடிட்டு இருக்கு. ரெண்டுல இருந்து மூணரை வருஷம், பாதி நேரம் கம்பெனில வேலை, பாதி நேரம் ஸ்கூல், உதவித்தொகை வரும், 2025ல ஆரம்பிச்சவங்களுக்கு மொத வருஷம் சட்டப்படி குறைஞ்சபட்சம் மாசம் 682 யூரோ, நல்ல துறைன்னா ஆயிரத்துக்கு மேல. முடிச்சுட்டு அந்த தொழில்ல ரெண்டு வருஷம் வேலை பாத்தா பிஆர் வரைக்கும் போகலாம், இது உண்மையிலேயே நல்ல வழி. ஆனா பி1 வேணும், கிளாஸ் ஜெர்மன்ல நடக்கும், பரீட்சையும் ஜெர்மன்ல. எங்க தப்பு நடக்குதுன்னா, போலி பி1 சர்டிஃபிகேட் வச்சு ஏத்திவிட்டுடறாங்க, அங்க போன பையன் மொத மாசமே ஸ்கூல்ல ஒண்ணும் புரியாம நிக்கறான், கம்பெனி ப்ரொபேஷன்லயே அனுப்பிடுது. போலின்னு எம்பசில மாட்டினா இன்னும் மோசம், அந்த ரெக்கார்டு பின்னாடியே வரும். சென்னைல மேக்ஸ் முல்லர் பவன்ல ஜெர்மன் எக்ஸாம் ஸ்லாட் கெடைக்கறது குதிரைக்கொம்புதான், ஒத்துக்கறேன், டெல்க், ஓஎஸ்டி மாதிரி வேற பரீட்சையும் ஏத்துக்கறாங்க, அத பாருங்க.

படிச்சுட்டு அங்கயே தங்கற வழி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், சுருக்கமா சொல்லிடறேன். 2022 நவம்பர்ல இருந்து இந்திய ஸ்டூடன்ட்ஸுக்கு ஏபிஎஸ்ங்கற, நம்ம படிப்பு சான்றிதழெல்லாம் அசல்தானான்னு சரிபாத்து தர்ற சர்டிஃபிகேட் கட்டாயம், ப்ளாக்டு அக்கவுன்ட் 11,904 யூரோ, அரசு யூனிவர்சிட்டில பெரும்பாலும் ஃபீஸ் இல்ல, பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல மட்டும் செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் டெக்னிகல் யூனிவர்சிட்டி 2024ல இருந்து வெளிநாட்டுக்காரங்களுக்கு தனி ஃபீஸ் போட்டிருக்கு. முடிச்சா வேலை தேட 18 மாசம். ஏஜென்ட் ஃப்ரீயா அட்மிஷன் வாங்கித்தர்றேன்னு சொன்னா அது பெரும்பாலும் கமிஷன் குடுக்கற பிரைவேட் யூனிவர்சிட்டியாத்தான் இருக்கும், ஃபீஸ் பல லட்சம்.

ஏஜென்ட்ட பத்தி பேசும்போது சட்டம் என்ன சொல்லுதுன்னும் தெரிஞ்சுக்கங்க. 1983 எமிக்ரேஷன் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுத்து அனுப்பறவங்க மத்திய அரசுகிட்ட பதிவு பண்ணியிருக்கணும், வேலைக்கு போறவர்கிட்ட அதிகபட்சமா 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். பதிவு இருக்கான்னு இ-மைக்ரேட் தளத்துல பாக்கலாம், புகார்னா சென்னைலயே ப்ரொடெக்டர் ஆஃப் எமிக்ரன்ட்ஸ் ஆபீஸ் இருக்கு. நெறய பேர் இதுல மாட்டாம இருக்க "நாங்க ரெக்ரூட்மென்ட் இல்ல, வெறும் விசா கன்சல்டேஷன்"னு பில் போட்டு நாலு லட்சம் வாங்கறாங்க, அதே வாயால ஃபோன்ல வேலை கேரன்ட்டின்னு சொல்லுவாங்க. பில்ல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டு காசு குடுங்க. விசா ஃபீஸ் 75 யூரோ, அதுக்கு மேல விசாவுக்குன்னு கேக்கற ஒவ்வொரு ரூபாய்க்கும் என்ன வேலை செஞ்சாங்கன்னு கேளுங்க. 2025 ஜனவரில இருந்து எல்லா ஜெர்மன் தூதரகத்துக்கும் இந்த விசாக்கள ஆன்லைன்லயே அப்ளை பண்ணலாம், டாக்குமென்ட் அப்லோட் பண்ணி, அவங்க பாத்துட்டு சொன்னப்பறம் நேர்ல போனா போதும், பாஸ்போர்ட் அப்ளை பண்ண தெரிஞ்சவங்களுக்கு இது கஷ்டமில்ல.

ஐரோப்பாவுல செட்டில் ஆன சொந்தக்காரங்க இருக்கற வீட்ல இன்னொரு பேச்சு வரும், "டூரிஸ்ட் விசாவுல வந்து சேரு, மத்தத இங்க பாத்துக்கலாம்"னு. எண்பதுகள்ல இலங்கைல போர் தொரத்தி அகதியா வந்த தமிழ் மக்கள் ஜெர்மனில அப்படி வந்து, வருஷக்கணக்கா காத்திருந்து, ஹாம் ஊர்ல 2002ல காமாட்சி அம்மனுக்கு கோபுரம் வச்சு கோயில் கட்டற அளவுக்கு வேர் விட்டாங்க, அது வேற காலம் வேற சட்டம் வேற காரணம். இப்ப இந்திய பாஸ்போர்ட்லயோ இலங்கை பாஸ்போர்ட்லயோ ஷெங்கன் டூரிஸ்ட் விசாவுல போய் அத அங்க வேலை பெர்மிட்டா மாத்த முடியாது, திரும்பி வந்து ஊர்ல இருந்துதான் அப்ளை பண்ணனும்.

ரிஜெக்ட் ஆனா என்ன பண்றதுன்னும் பழைய தகவல் சுத்திட்டு இருக்கு. முன்னாடி தூதரகத்துக்கே ஒரு மறுப்பு கடிதம் எழுதி மறுபடி பாக்க சொல்லலாம், இலவசம். 2025 ஜூலை 1ல இருந்து அத உலகம் பூரா எடுத்துட்டாங்க. இப்ப புதுசா அப்ளை பண்ணலாம், இல்லன்னா பெர்லின் கோர்ட்டுக்கு போகலாம். அதனால அரைகொறை டாக்குமென்ட்டோட "போட்டு பாப்போம்"னு போடறது இப்ப முன்ன விட செலவு பிடிச்ச வேலை.

குடும்பத்தோட போறவங்க ஒரு விஷயத்த மறந்துடறாங்க. ஆப்பர்சூனிட்டி கார்டுல போனா கணவன் மனைவிய கூட்டிட்டு போறதுக்கு வழக்கமா வழி இல்ல, அவங்களும் தனியா தகுதி காட்டி அப்ளை பண்ணனும். ப்ளூ கார்டுன்னா ஜோடிக்கு ஜெர்மன் சர்டிஃபிகேட் கேக்கறதில்ல, வந்த நாள்ல இருந்து வேலை பாக்கலாம். பிஆரும் ப்ளூ கார்டுல வேகம், பி1 இருந்தா 21 மாசம், ஏ1 மட்டும்னா 27 மாசம். குடியுரிமைக்கு 2024 ஜூன்ல இருந்து அஞ்சு வருஷம், மூணு வருஷத்துல குடுக்கற சலுகைய 2025 அக்டோபர்ல ரத்து பண்ணிட்டாங்க. ஜெர்மனி ரெட்டை குடியுரிமைய இப்ப ஏத்துக்குது, இந்தியா ஏத்துக்காது, பாஸ்போர்ட்ட சரண்டர் பண்ணிட்டு ஓசிஐங்கற வெளிநாட்டு இந்தியர் கார்டு வாங்கிக்கணும். அப்பா அம்மாவ கூட வச்சுக்க முடியுமான்னு எல்லாரும் கேப்பாங்க, 2024 மார்ச் 1க்கு அப்பறம் மொத பெர்மிட் வாங்கின ஸ்கில்டு வொர்க்கர்ஸுக்கு பெத்தவங்கள கூட்டிட்டு வர சட்டம் வழி விட்டிருக்கு, ஆனா 55 வயசுக்கு மேல புதுசா வர்றவங்கள அரசு ஹெல்த் இன்சூரன்ஸ் பொதுவா சேத்துக்காது, பிரைவேட்ல ஒருத்தருக்கு மாசம் சொல்ற தொகைய கேட்டுட்டு பாதி பேர் அந்த அப்ளிகேஷன அங்கயே மூடி வச்சுடறாங்க.